குறைந்த விலை ஒன்றே அளவுகோலா?

(கொள்முதல், பண்டகப் பொறுப்புகளை வகிக்கும் அரசு அலுவலர்களிடையே நிகழ்த்திய உரை)



அரசு ஒரு பொருளை வாங்கும்போது மக்களின் வரிப்பணம் செலவாகிறது. அப்பொருள் மருந்தாக இருக்கலாம், மின்மாற்றியாக இருக்கலாம், பள்ளிப் பிள்ளைகளின் சீருடைத் துணியாகவும் இருக்கலாம். செலவழித்த பணத்துக்கு உரிய பயன் கிட்டியதா என்பதை அளந்தறிவது நம் கடமையாகும். ஆனால் எதனைக் கொண்டு அளப்பது?

நம் அலுவலகங்களில் இதற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் விடை ஒன்று உண்டு. தகுதி பெற்ற ஒப்பந்தப்புள்ளிகளுள் மிகக் குறைந்த விலை குறித்தவருக்கு ஆணை வழங்கினோம் என்பதே அது. தணிக்கையின்போது இவ்விடை அலுவலரைக் காக்கிறது. தன்விருப்பப்படி ஒருவருக்குச் சலுகை காட்டுவதை இம்முறை தடுக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும், விலை என்பது கொள்முதலின் தொடக்கமே. வாங்கிய பொருள் உரியவர் கையை உரிய வேளையில், உரிய தரத்தில் சென்றடைந்ததா என்ற கேள்விக்கு ஒப்பந்தப்புள்ளிப் பட்டியல் விடை கூறாது.

எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒருவர் ஒரு பொருளை 100 ரூபாய்க்கும், மற்றொருவர் 104 ரூபாய்க்கும் தருகின்றனர் எனக் கொள்வோம். இருவரிடமும் ஆயிரம் பொருள்கள் வாங்குகிறோம். பணம் கொடுத்துப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னர், முதலாமவரின் சரக்கில் நூற்றுக்கு எட்டும், இரண்டாமவரின் சரக்கில் நூற்றுக்கு ஒன்றும் பழுதாகின்றன. பயன்பட்ட பொருள் ஒன்றின் அடக்கவிலை முதலாமவரிடம் ஏறத்தாழ 108 ரூபாய் 70 காசு. இரண்டாமவரிடம் 105 ரூபாய் 5 காசு. மலிவு எனக் கருதியது விலையுயர்ந்ததாகிவிட்டது! தாமதத்தால் நின்றுபோன பணியின் இழப்பை இக்கணக்கில் நாம் இன்னும் சேர்க்கவில்லை.

ஆகவே, குறைந்தது ஐந்து அளவுகள் நமக்குத் தேவை. முதலாவது, வரியும் போக்குவரத்தும் உட்பட்ட முழு அடக்கவிலை. இரண்டாவது, காலம். மூன்றாவது, தரம். நான்காவது, பயன்படுத்துவோரிடம் பொருள் கிடைக்கும் நிலை. ஐந்தாவது, வழங்குநருக்குப் பணம் சென்றடைய ஆகும் நாள்கள்.

காலத்தை அளப்பதில் ஓர் இடறல் உண்டு. கொள்முதல் பிரிவினர் ஆணை பிறப்பித்த நாளிலிருந்து எண்ணுகின்றனர். மருத்துவமனையோ தேவைப்பட்டியல் அனுப்பிய நாளிலிருந்து எண்ணுகிறது. இடையில் கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்த மாதங்கள் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. தேவை எழுந்த நாளில் கடிகாரம் ஓடத் தொடங்கவேண்டும்; பொருள் பயன்படுத்துவோர் கையைச் சேர்ந்த நாளிலேயே அது நிற்கவேண்டும்.

இவ்வளவுகளை நடைமுறையில் இணைத்துக் காட்டியது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் நிறுவப்பட்டு, 1995-இல் மருந்து வழங்கத் தொடங்கிய இக்கழகம், மாநிலத்தின் தேவையை ஒருங்கே திரட்டி, மருந்துகளைப் பொதுப்பெயரில் வாங்கியது. விலை குறைந்ததற்கு இது முக்கியக் காரணம். ஆயினும் கழகம் அத்துடன் நின்றுவிடவில்லை. வந்துசேரும் மருந்துத் தொகுதிகளிலிருந்து மாதிரிகள் எடுக்கப்பட்டு, தயாரித்தவர் பெயர் மறைக்கப்பட்டு, ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்படுகின்றன. மாவட்டக் கிடங்குகளின் இருப்பு கணினியில் கண்காணிக்கப்படுகிறது. மருத்துவமனைகளுக்குக் கணக்குப் புத்தகம் வழங்கி, ஒதுக்கிய தொகைக்குள் தமக்கு வேண்டிய மருந்தைப் பெற்றுக்கொள்ள வழிசெய்யப்பட்டது. ராஜஸ்தான் 2011-இல் தனது மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் இந்த அனுபவம் அதற்கு முன்மாதிரியாய் அமைந்தது.

அடுத்து, ஒப்பீட்டைப் பற்றிச் சில சொற்கள். பிறரோடு ஒப்பிட்டு நம் நிலையை அறிவது நன்று. ஆனால் ஒத்தவற்றையே ஒப்பிடவேண்டும். சமவெளி மாவட்டத்துக்குப் பெருமளவில் வாங்கிய விலையை, மலைப் பகுதிக்குச் சிறு அளவில் வாங்கிய விலையோடு அருகருகே வைத்து ஒருவரைக் குறைகூறுவது நீதியாகாது. அளவு, தொலைவு, பணம் செலுத்தும் நிபந்தனை, உத்தரவாதக் காலம் ஆகிய நான்கையும் சரிசெய்த பின்னரே எண்கள் பேசத் தகுதி பெறும்.

எல்.இ.டி. விளக்குகளின் கதை இதனை விளக்கும். மத்தியப் பொதுத் துறை நிறுவனங்களின் கூட்டு முயற்சியான எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ் நிறுவனம் நாடு முழுவதற்குமான தேவையைத் திரட்டி, மீண்டும் மீண்டும் ஒப்பந்தப்புள்ளி கோரியது. 2014-இல் ஒரு விளக்குக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016-இல் 38 ரூபாயாக இறங்கியது. இது பெரும் சாதனையே. ஆனால் அதே ஆண்டுகளில் உலகச் சந்தையிலும் எல்.இ.டி. விலை வீழ்ந்துவந்தது. திறமையால் விளைந்தது எவ்வளவு, சந்தைப் போக்கால் விளைந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே நேர்மையான அளவீடு. சந்தை விலை ஏறும் ஆண்டில் பணியாற்றும் அலுவலருக்கும் இதே நியாயம் வேண்டும்.

2016-இல் தொடங்கிய அரசு மின்சந்தை இத்தகைய ஒப்பீட்டை எளிதாக்கியுள்ளது. பல பத்தாண்டுகள் மத்திய அரசின் கொள்முதலைக் கவனித்துவந்த வழங்கல், கழிவுப் பொருள் விற்பனைத் தலைமை இயக்ககம் 2017 அக்டோபர் 31 அன்று மூடப்பட்டது. 2023-24-இல் மின்சந்தையின் வணிக மதிப்பு 4 லட்சம் கோடி ரூபாயைக் கடந்தது. இத்தொகை வளர்ச்சியைக் காட்டும், திறனைக் காட்டாது. எத்தனை ஆணைகள் உரிய நாளில், முழு அளவில் நிறைவேறின என்பதே திறனைக் காட்டும்.

ஐந்தாவது அளவைத்தான் நாம் பெரிதும் மறந்துவிடுகிறோம். குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காடு வாங்கவேண்டும் என்பது மத்திய அரசுத் துறைகளுக்கும் பொதுத் துறை நிறுவனங்களுக்கும் 2019 ஏப்ரல் முதல் உள்ள நெறி. இந்த விழுக்காட்டை எட்டியதாகப் பெருமையுடன் அறிக்கை அனுப்புகிறோம். பணம் எப்போது கொடுத்தோம் என்பதை எழுதுகிறோமா? 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்நிறுவனங்களுக்கு அதிக அளவாக 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிடப்படும். கடன் வாங்கி மூலப்பொருள் சேர்த்த பட்டறைக்காரர் ஆறு மாதம் காத்திருந்தால், அடுத்த முறை அவர் விலையைக் கூட்டிக் குறிப்பார். அன்றேல் ஒப்பந்தப்புள்ளியே அனுப்பமாட்டார். போட்டி குறையும், நாம் போற்றும் குறைந்த விலையும் மறையும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. எந்த எண்ணைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்கிறோமோ, அந்த எண் விரைவில் பொய்யாகிவிடும். இருப்பு விழுக்காட்டை மட்டும் கேட்டால், எளிதில் கிடைக்கும் மாத்திரைகள் கிடங்கில் நிறையும்; சராசரி உயரும். இன்சுலின் இல்லாத இருபது நாள்கள் அச்சராசரிக்குள் மறைந்துவிடும். எனவே உயிர்காக்கும் பொருள்களைத் தனியே பிரித்து, அவை இல்லாத நாள்களை எண்ணுங்கள். எண்களைக் கற்பதற்கு முதலில் பயன்படுத்துங்கள். குற்றம் காண்பது பின்னர் இருக்கட்டும்.

இவ்வைந்து அளவுகளையும் எழுதிவைக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இப்போதுள்ள பதிவேடுகளே போதும். சென்ற ஆண்டின் பத்து முக்கிய ஆணைகளை எடுத்து, அடக்கவிலை, காலம், தரம், கிடைக்கும் நிலை, பணம் செலுத்திய நாள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த ஆண்டு அதே தாளை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். மருந்துச் சீட்டுடன் வரிசையில் நிற்கும் நோயாளி வெறுங்கையுடன் திரும்பாதிருக்க, அத்தாளிலிருந்து நாம் தொடங்கலாம்.