இந்துமதியின் இரண்டு சீருடைகள்

(வத்தலக்குண்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வத்தலக்குண்டில் மேடை ஏறுகிறவர்கள் இந்த ஊர் எழுத்தாளர் ராஜம் அய்யரைப் பற்றிப் பேசுவார்கள். பி.எஸ். ராமையாவையும் மணிக்கொடி இதழையும் பற்றிப் பேசுவார்கள். சுப்பிரமணிய சிவாவின் பெயரைச் சொல்லாமல் இறங்கினால் ஊர் மன்னிக்காது. அதனால் இப்போதே சொல்லிவிட்டேன். நான் முப்பது வருஷம் விசில் ஊதிப் பிழைத்த பி.டி. டீச்சர். இலக்கியம் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் இந்த ஊரில் வளர்ந்த சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ படித்திருக்கிறேன். அதில் காளைக்கு முன்னால் போய் நிற்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள். களம் என்றால் ஆம்பளைகளுக்கு என்பது நம் பக்கத்தில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை மீறிய ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பெயர் இந்துமதி கதிரேசன். 1994 ஜூன் 5 அன்று கடலூரில் பிறந்தவர். இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்கு நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர்.

2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் தேசிய சீனியர் பெண்கள் கால்பந்துப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுக்கு எதிரே மணிப்பூர். பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால், கபடி மைதானத்தில் நம் ஊர்ப் பையன்கள் ஹரியானா என்ற பெயரைக் கேட்டதும் முகம் மாறுவார்களே, அதைப் போல இரண்டு மடங்கு. போட்டி 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த நாளிலிருந்து பெரும்பாலும் அவர்கள்தான் கோப்பையைத் தூக்கிப் போனார்கள். அன்று ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் நந்தினி ஒரு கோல் போட்டார். இடைவேளைக்கு முன்பே இந்துமதி இன்னொன்று. மணிப்பூர் ஒன்றைத் திருப்பியது. 2-1. தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. மறுநாள் பேப்பரில் அது எந்தப் பக்கத்தில் வந்தது என்று தேடிப் பார்த்தேன். கிரிக்கெட் தாண்டி, டென்னிஸ் தாண்டி, ஒரு ஓரத்தில் கிடைத்தது.

நடுக்களம் என்பது பார்க்கிறவர் கண்ணில் எளிதில் படாத இடம். கோல் போட்டவளைத் தோளில் தூக்குவார்கள். பந்தைப் பின்வரிசையிலிருந்து வாங்கி, திரும்பி, யார் எங்கே ஓடுகிறாள் என்று ஒரு நொடியில் பார்த்து, சரியான இடைவெளியில் பாஸ் கொடுத்தவளை யாரும் கேட்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தி நடத்துகிற மனுஷி மாதிரி. சாப்பாடு நன்றாக இருந்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இந்துமதி அந்த வேலையைச் செய்துகொண்டே கோலும் போடுவார். 2017 ஜனவரியில் சிலிகுரியில் தெற்காசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தை இந்தியா 3-1 என்று வென்றபோது மூன்றாவது கோல் அவருடையது. 2019இல் நேபாளத்தின் பிராட்நகரில் அதே கோப்பையின் அரையிறுதியில், அதே வங்கதேசத்துக்கு எதிராக, இரண்டு கோல். அந்த முறையும் கோப்பை இந்தியாவுக்குத்தான்.

வெற்றிக் கணக்கு இவ்வளவு போதும். அவரை இத்தனை வருஷம் களத்தில் நிறுத்தி வைத்தது எது என்பதுதான் என் கேள்வி.

முதல் பதில் கடலூர். அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர், இந்திரா காந்தி விளையாட்டு அகாடமி என்ற பெயரில், ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பந்து உதைக்கச் சொல்லிக் கொடுத்தார். 2004 சுனாமி அடித்துப் போட்ட கரை அது. அந்தக் களத்திலிருந்து ஒருவர் இருவர் அல்ல, வரிசையாகப் பெண்கள் மாநில அணிக்கும் இந்திய அணிக்கும் போனார்கள். ஒரே ஊரிலிருந்து இத்தனை பேர் வந்தால் அதைத் திறமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. திறமை எல்லா ஊரிலும் முளைக்கிறது. கடலூரில் சாயங்காலம் தவறாமல் ஒரு ஆள் மைதானத்துக்கு வந்தார், அதுதான் வித்தியாசம்.

இரண்டாவது பதில் காக்கி. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, விளையாட்டைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடலாமா என்பார்கள். முடிச்சுப் போட்டுத்தான் ஆக வேண்டும். மணிப்பூரின் கால்பந்து வீராங்கனை பெம்பெம் தேவி, பத்மஸ்ரீ வாங்கியவர், மணிப்பூர் போலீஸ். ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்புக்கு 2020இல் ஆடப் போன பாலா தேவி, அவரும் மணிப்பூர் போலீஸ். இந்தியாவில் ஒரு பெண் முப்பது வயது வரை பந்து உதைக்க வேண்டுமென்றால் மாதம் முதல் தேதி ஏதோ ஒரு கணக்கில் பணம் விழ வேண்டும். பணம் விழுந்தால், “இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஆட்டம்?” என்ற கேள்வி வீட்டில் கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்கும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்ற ஊரில், முதல் உலகப் போர்க் காலத்தில் குண்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் ஒரு அணி அமைத்தார்கள். டிக் கெர் லேடீஸ் என்று பெயர். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருஷமே, 1921 டிசம்பரில், கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. ஐம்பது வருஷம் அந்தத் தடை நின்றது. ஆட்டத்தை நிறுத்த யாரும் காலை உடைக்கவில்லை. மைதானத்தின் கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான். இந்தக் கதவு விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

2020 கொரோனா ஊரடங்கில் இந்துமதி சென்னைத் தெருவில் டூட்டி பார்த்தார். மற்ற வீராங்கனைகள் மொட்டைமாடியில் பயிற்சி எடுத்த நாட்கள் அவை. இவர் முகக்கவசத்தோடு வெயிலில் நின்று வண்டிகளை மறித்து, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேலைக்கு முன்போ பின்போ கிடைத்த நேரத்தில்தான் பயிற்சி. காக்கி சோறு போடுகிறது. ஆனால் நேரத்தைக் கேட்கிறது. இரண்டு சீருடையும் ஒரே உடம்பில் ஏறுவது லேசான காரியமில்லை.

அந்தக் கொரோனா அவரை இன்னொரு முறையும் விடவில்லை. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. உலகக் கோப்பைக்கு வழி அதுதான். 1979-80இல் கோழிக்கோட்டிலும், 1983இல் பாங்காக்கிலும் இந்தியப் பெண்கள் ஆசியாவின் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றவர்கள் என்பதை நாம் மறந்தே போனோம். அந்த மறதியைக் கழுவ ஒரு வாய்ப்பு. நவி மும்பையில் ஈரானோடு 0-0. அடுத்து சீன தைபேயோடு ஆட வேண்டிய ஜனவரி 23 அன்று, முகாமில் தொற்று பரவி, களமிறக்கக் குறைந்தபட்சம் வேண்டிய பதின்மூன்று பேர் தேறவில்லை. போட்டியை நடத்தும் நாடே போட்டியிலிருந்து வெளியேறியது. இந்துமதி அந்த அணியில் இருந்தார். தோற்று அழுவது ஒரு மாதிரி. ஆடாமலே பெட்டி கட்டுவது வேறு மாதிரி.

நமக்குப் பக்கத்து விஷயம் ஒன்று. 2019 மே மாதம் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றது சேது எப்.சி. மதுரை அணி, காரியாபட்டிப் பக்கம் கல்லூரி நடத்துகிற சீனி முகைதீன் தொடங்கியது. இந்துமதி ஆடிய அணி. இங்கிருந்து மதுரைக்கு எத்தனை பஸ் ஓடுகிறது? நிலக்கோட்டைப் பூ தினமும் விடிவதற்குள் மதுரை போய்ச் சேருகிறது. நம் ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்திகூட அந்த அணிக்குப் போகவில்லை. 2023இல் அமிர்தசரஸில் நடந்த தேசியப் போட்டியில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு இரண்டாம் முறை சாம்பியன் ஆனபோதும் நம் பக்கம் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு பெண் இருந்தாள். பெயர் வேண்டாம். இடது கால்காரி. எட்டாம் வகுப்பில் பெரிய பையன்களிடமிருந்து பந்தைப் பிடுங்குவாள். காவல்துறையில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, பாரம் ஒன்று, பாரம் இரண்டு என்று சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது என்றெல்லாம் அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டீச்சர், அந்தப் பேப்பர் கையில வர்ற வரைக்கும் யார் பாக்குறது?” என்றார். பதில் இல்லை. நான் வேலை பார்த்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு கேட்டில் பூட்டு. பத்தாம் வகுப்போடு அவள் பந்தை விட்டாள். அந்தப் பூட்டை எதிர்த்து நான் ஒரு மனு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அது என் கணக்கில் இருக்கிறது.

அரசு வேலை, லீக், கோப்பை எல்லாம் இருபது வயதுக்கு மேல் வருகிறவை. பன்னிரண்டிலிருந்து இருபது வரை ஒரு பெண்ணைத் தாங்கிப் பிடிக்க ஊரில்தான் கை வேண்டும். கடலூரில் அந்தக் கை இருந்தது.

எனவே அறக்கட்டளையாரிடமும், இந்த அவையில் இருக்கும் பள்ளி நிர்வாகிகளிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்குப் போர்த்திய சால்வையும் கொடுக்கவிருக்கும் சன்மானமும் எனக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் ஆறு பந்து வாங்குங்கள், ஐந்தாம் நம்பர். சனி, ஞாயிறு காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தின் கேட்டைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். விசில் என்னிடம் இருக்கிறது. முட்டி வலியோடாவது வந்து நிற்பேன். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் இன்று போவதற்குள் சொல்லுங்கள்.