விசிறி சமனானால் படம் சமனாகும்

குறைந்த பணத்தில் கட்டும் கேமரா ட்ரோனில் முதல் காசு அதிர்வை அடக்கப் போக வேண்டும். கேமராவுக்கு மிஞ்சிய காசு போதும். நடப்பு வழக்கம் இதற்கு நேர்மாறு. கார்பன் ஃபைபர் சட்டம், 4கே கேமரா, கேமராவை ஆடாமல் நிறுத்தும் மூன்று அச்சு கிம்பல் என்று பட்டியல் போட்டு வாங்குகிறார்கள். பறந்து இறங்கிய பிறகு படத்தை ஓட்டிப் பார்த்தால், வயலோரத் தென்னைகள் தட்டில் வைத்த நுங்கு போலக் குலுங்குகின்றன. பழி கேமராவின் மேல் விழுகிறது. குற்றமோ விசிறியில் இருக்கிறது.

வெளிநாட்டில் செய்த முழு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை விதித்தது. உதிரிபாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் பொழுதுபோக்குக்குக் கட்டுவோருக்கு மோட்டாரும் சுற்றுப்பலகையும் தனித்தனியே கிடைக்கின்றன. பறத்தலைக் கட்டுப்படுத்தும் மென்பொருளுக்குச் செலவே இல்லை. ஆர்டுபைலட் போன்ற திறந்த மென்பொருள்கள் இலவசம். இந்தப் பொழுதுபோக்கின் தொடக்க காலத்தில் வந்த மல்டிவீ என்ற கட்டுப்பாட்டு அமைப்பு, நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் உணரிகளைக் கழற்றிப் பொருத்தி உருவானது. இல்லாமையில் பிறந்த கலை இது.

எளிய அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. நான்கு கை, நான்கு 920 கேவி மோட்டார், பத்து அங்குல விசிறிகள், நான்கு 30 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்திகள், மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ வரும். நான்கு மோட்டாரும் முழு வேகத்தில் தூக்கக்கூடிய எடை, ட்ரோனின் எடையைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் காற்றில் தள்ளாடும்.

சட்டத்துக்குக் கார்பன் ஃபைபர் தேவையில்லை. மரம் அதிர்வை அலுமினியத்தைவிட நன்றாக விழுங்கும். குமரிக் கடற்கரையில் வள்ளம் கட்டப் பயன்படும் மரைன் பிளைவுட்டின் வெட்டுத்துண்டுகள் நடுப்பலகைக்குப் போதும். கைகளுக்குக் கணு இல்லாத நேரான மரச்சட்டம் போதும். கை முறிந்தால் மறுநாள் வேறொரு கை.

இனி முக்கியமான பகுதி, விசிறியைச் சமன் செய்வது. வீட்டு ஃபேனில் ஒரு றெக்கை கனத்தால் ஃபேன் முழுவதும் ஆடும். ட்ரோனிலும் அதே கதைதான், வேகம் மட்டும் பல மடங்கு. நடுவிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி 0.1 கிராம், அதாவது நாலைந்து அரிசி மணியின் எடை, கூடுதலாக இருப்பதாகக் கொள்ளலாம். விசிறி நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும்போது அந்த அரிசி மணிகள் கையின் நுனியைச் சுமார் 240 கிராம் விசையுடன் இழுக்கும். இழுக்கும் திசையும் நொடிக்கு 100 முறை சுற்றி வரும். ஒரு கிலோ ட்ரோனுக்கு இது சின்ன அதிர்வு அல்ல. நாலைந்து அரிசி மணி, 240 கிராம் இழுப்பு: இந்தக் கணக்கு மனத்தில் நிற்க வேண்டும்.

சமன் செய்யும் முறை எளிது. மெல்லிய எஃகுக் கம்பியில் விசிறியைக் கோத்து, கம்பியின் இரு முனைகளையும் இரண்டு காந்தங்களுக்கு இடையே நிறுத்த வேண்டும். ஒரு முனை மட்டும் காந்தத்தைத் தொட்டால் போதும். உராய்வு மிகக் குறையும். விசிறியைக் கிடைமட்டமாக விட்டால் கனமான றெக்கை கீழே இறங்கும். இலேசான றெக்கையின் பின்பக்கத்தில் செல்லோடேப் துண்டை ஒட்டலாம். அல்லது கனமான றெக்கையின் பின்பக்கத்தை நைசான உப்புத்தாளால் தேய்க்கலாம். முன்விளிம்பைத் தேய்க்கக் கூடாது.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அடுத்து விசிறியைச் செங்குத்தாக நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் நடுக்குமிழின் அந்தப் பக்கம் கனம்; எதிர்ப்பக்கத்தில் ஒரு சொட்டுப் பசை வைத்தால் சரியாகும். எந்த நிலையில் விட்டாலும் விசிறி அப்படியே நிற்பதுதான் சமன். கிடைமட்டத்திலும் நிற்க வேண்டும், செங்குத்திலும் நிற்க வேண்டும்.

மூன்றாவது வேலை மோட்டாரைச் சமன் செய்வது. விசிறி இல்லாமல் மோட்டாரை ஓட்டி, கைபேசியை ட்ரோனின் கையோடு கட்டி, அதிர்வு அளக்கும் செயலியில் அளவு பார்க்கலாம். மோட்டாரின் சுழலும் மூடியில் சிறு டேப்பை ஒட்டி, இடம் மாற்றி மாற்றி, அளவு மிகக் குறையும் இடத்தில் விட்டுவிட வேண்டும். டயர் கடைகளில் காரின் சக்கரத்துக்கு ஈயத்துண்டு வைக்கும் வேலைதான் இது. நான்கு விசிறிக்கும் நான்கு மோட்டாருக்கும் ஒரு மாலைப்பொழுது போதும். செலவு ஒரு டேப் சுருள். பலன் படத்தோடு நிற்பதில்லை. அதிர்வு மிகுந்தால் கட்டுப்பாட்டுப் பலகையின் உணரிகளும் ஏமாறும்; உயரத்தைத் தப்பாகக் கணித்து ட்ரோன் தானாக மேலேறும்.

மிஞ்சிய அதிர்வுக்குக் கேமராவை ரப்பர் உருண்டைகளின் மேல் ஏற்ற வேண்டும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சின்னக் கேமராவை மட்டும் ரப்பரில் வைத்தால் எடை போதாமல் அதிர்வு கடந்துவிடும். பேட்டரியையும் அதே பலகையில் ஏற்றினால் எடை கூடி, பலகையின் இயல்பு அதிர்வெண் இறங்கி, விசிறியின் வேகமான நடுக்கம் கேமராவை எட்டாது. காசில்லாத கிம்பல் இதுவே. கேமரா பழைய ஆக்‌ஷன் கேமராவாக இருக்கலாம். வெயிலில் லென்ஸின் முன் ஒரு கறுப்பு வடிகட்டி வைத்தால் ஷட்டர் வேகம் குறைந்து குலுங்கல் இன்னும் தணியும்.

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கி வரும் காற்றுதான் முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் ஒரு கிலோ ட்ரோனுக்கு இடமில்லை. கும்பப்பூ அறுவடை முடிந்த வயல், காலை வெயில் ஏறுமுன் அடங்கிய காற்று, இவை முதல் பறத்தலுக்கு ஏற்றவை. சுசீந்திரம், தேரூர் குளங்களின் மேல் பறக்கவிடுவது தவறு. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்த நீர்நிலைகள் வலசைப் பறவைகளின் இடம்.

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. வணிகமில்லாப் பறத்தலுக்கு இந்த வகையில் ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. பச்சை மண்டலத்தில் உயர வரம்பு 400 அடி. குமரி மாவட்ட எல்லையை ஒட்டிக் கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் இருப்பதால், மண்டல வரைபடத்தைப் பார்த்த பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும்.

முதல் காசு விசிறிக்கு, அடுத்தது ரப்பருக்கு, கடைசிக் காசு கேமராவுக்கு. இந்த வரிசையில் கட்டிய மரச்சட்ட ட்ரோன் எடுக்கும் படம், வரிசை மாறிக் கட்டிய கார்பன் ட்ரோனின் படத்தைவிடத் தெளிவாக இருக்கும்.