கித்தாக் கொட்டை வெடித்த காலை



ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்குப் போனால் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. ஓடுகிறவர்கள், படகு வலிக்கிறவர்கள், குரங்கைப் படம் பிடிக்கிறவர்கள் என்று முகப்பு கலகலப்பாக இருக்கும். ஆனால் கரையை விட்டு விலகி, காட்டுப் பாதையில் அரை மணி நேரம் உள்ளே நடந்துவிட்டால் பேச்சுச் சத்தம் அடங்கிவிடும். பிறகு சில்வண்டின் இரைச்சலும் காலடியில் நொறுங்கும் சருகும்தான்.

எழுபதை எட்டிய ஒரு தாத்தா, எட்டு வயதுப் பேத்தியோடு அந்தப் பாதையில் நடந்தார். ஆகஸ்ட் மாதம். நான்கைந்து நாளாக மழை இல்லை. நடக்கச் சொன்னவர் மருத்துவர். காரணம் இனிப்பு நீர். பேத்தி வந்ததற்குக் காரணம், அன்று துணைப்பாட வகுப்பு இல்லை.

மணி பத்து இருக்கும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே எங்கோ ‘படீர்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடியில் சருகின் மேல் ஏதோ சிதறி விழுந்தது. பேத்தி பயந்துபோய்த் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தாத்தா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

“ஒண்ணுமில்ல கண்ணு, கித்தாக் கொட்டை.”

சொன்ன பிறகுதான் அவரே நின்றார். அந்தச் சொல்லை அவர் உச்சரித்து ஐம்பது ஆண்டுகளாவது ஆகியிருக்கும். அவர் நினைத்துப் பார்த்துச் சொல்லவில்லை. காது கேட்டது, வாய் சொல்லிவிட்டது.

“கித்தான்னா என்ன தாத்தா?”

பள்ளிப் பாடநூல் அதை இரப்பர் என்று சொல்லிக்கொடுக்கும். தோட்டத்துத் தமிழருக்கு அது கித்தா. மலாய்ச் சொல்லான ‘கெத்தா’ நாக்கில் புரண்டு நம்முடையதாகிவிட்ட சொல். மரங்கள் நின்ற இடம் கித்தாக்காடு. பால் பிடிக்கும் கிண்ணம் மங்கு. வேலைக்குப் போகுமுன் இருட்டில் பெயர் கூப்பிடும் இடம் பெரட்டு. ஒரு காலத்தில் மலாயாவின் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அகர முதலிக்கு முன்னால் கற்ற சொற்கள் இவை. இன்று பேரப்பிள்ளைகளுக்கு இவற்றுக்கு உரை எழுத வேண்டியிருக்கிறது.

காட்டுக்குள் கித்தா மரம் எப்படி வந்தது? இப்போது அடர்காடாகத் தெரியும் இந்த வட்டாரத்தின் சில பகுதிகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பயிராகியிருக்கிறது. தோட்டம் கைவிடப்பட்டது, காடு திரும்பி வந்தது, மரங்களில் சில மிச்சமாக நின்றுவிட்டன. அதற்கு முந்திய கதையும் சிங்கப்பூரில்தான் தொடங்குகிறது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். சீக்கிரம் உயிர் போய்விடும் விதை அது, முளைத்தவை சொற்பம். அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. பழையவர்கள் பூமலை என்று சொல்லும் தாவரவியல் பூங்காவிலும், பேராவின் கோலகங்சாரிலும் அவை நடப்பட்டன. 1888இல் பூமலைக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். ‘இரப்பர் நடுங்கள், நடுங்கள்’ என்று தோட்டக்காரர்களை அவர் நச்சரித்ததால் பைத்தியக்கார ரிட்லி என்று அவருக்குப் பெயர் விழுந்தது. பைத்தியம் பலித்தது. பிறகு காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன, கங்காணிமார் கப்பல் கப்பலாக ஆள் கொண்டுவந்தார்கள். கூலிகளை உதவிப்பணம் கொடுத்து அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும்வரை அது நடந்தது.

இந்த வரலாறு பேத்திக்கு வேண்டியிருக்கவில்லை. அவளுக்குக் கொட்டைதான் வேண்டும்.

சருகை விலக்கி இரண்டு கொட்டைகளை எடுத்தார் தாத்தா. வழவழப்பான பழுப்பு ஓடு, அதன்மேல் கறுப்பும் வெளுப்புமாகக் கோலம். ஒரு காய்க்குள் மூன்று கொட்டை இருக்கும். நல்ல வெயிலில் காய்ந்ததும் காய் வெடித்து, கொட்டையைப் பல மீட்டர் தூரம் விசிறிவிடும். கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்தால் அவன் துள்ளிக் குதிப்பான். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கையால் ஓங்கிக் குத்தினால் எது உடைகிறதோ அது தோற்றது. பல்லாங்குழிக்கும் அதுதான் காய்.

“எல்லாக் கொட்டையும் ஒரே மாதிரி இருக்கே” என்றாள் பேத்தி.

“இந்த மரத்துக் கொட்டை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பக்கத்து மரத்துக்குப் போனா கோலம் மாறிடும்.”

இது பிள்ளைகள் கட்டிவிட்ட கதையன்று. கொட்டையின் ஓடு முழுக்கத் தாய்மரத்தின் திசுவிலிருந்து உண்டாவது. மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் ஓட்டின் கோலம் தாயுடையது. இரப்பர் ரகங்களை அடையாளம் காண்பதற்கு ஆய்வாளர்களும் கொட்டையைப் பார்ப்பதுண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் அதை ஆய்வாளர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. எந்த மரத்துக் கொட்டை கெட்டி, எது சொத்தை என்பது ஐந்து வயதிலேயே அத்துப்படி.

ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டாள் பேத்தி. இயற்கைப் பாதுகாப்பு வட்டாரத்திலிருந்து எதையும் எடுத்துச் செல்லக்கூடாது என்பது சட்டம். வெளியே வருமுன் தாத்தா அதைச் சொல்ல, முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதையோரத்தில் திரும்பப் போட்டாள். கதையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

பகல் சாப்பாட்டில் அது வெளியே வந்தது. மகன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். “அப்பா, இதெல்லாம் எங்ககிட்ட நீங்க சொன்னதே இல்லையே?”

சொன்னதில்லைதான். ஜொகூரில், கூலாய்க்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். 1970களில் கப்பல் பட்டறை வேலைக்காக இங்கு வந்தார். வந்த இடத்தில் ‘தோட்டக்காட்டான்’ என்பது வசைச்சொல். எந்த ஊர் என்று கேட்டால் ‘ஜொகூர்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளப் பழகிவிட்டார். மறைக்க வேண்டும் என்று மறைத்ததில்லை. சொல்ல வேண்டிய நேரம் வரவில்லை. இப்படிப்பட்ட வீடுகள் ஈசூனிலும் உட்லண்ட்ஸிலும் எத்தனையோ உண்டு. வெட்கத்தால் மூடிய கதவை வயதான காலத்தில் ஒரு சத்தம் திறந்துவிடுகிறது. திறந்ததும் முதலில் வருவது இனிப்பாகத்தான் இருக்கிறது.

அன்று மாலைவரை தாத்தாவும் இனிப்பையே சொன்னார். மாசி பங்குனியில் கித்தா இலைகள் செம்மஞ்சளாகி உதிர்ந்து, காடே தீப்பிடித்ததுபோல் நிற்பதைச் சொன்னார். மழை நாள்களைச் சொன்னார். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் அம்மா வேலைக்குப் போகமாட்டார். அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு வேகும். பிள்ளைகள் ஒரே கம்பளிக்குள் சுருண்டு கிடப்பார்கள். உலகத்திலேயே நல்ல நாள் அதுதான் என்று அவர் சொன்னபோது மருமகள்தான் கேட்டாள்: “அன்னிக்குச் சம்பளம் உண்டா மாமா?”

கிடையாது. மழையில் பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்தோடிவிடும். மங்கில் தண்ணீர் நிறையும். வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் நாட்கூலியும் இல்லை. கிழங்கு வெந்ததுகூட அரிசி மிச்சமாகட்டும் என்றுதான் இருக்க வேண்டும். ஒரே மழை. மகனுக்கு அது விடுமுறை. தாய்க்கு ஒரு நாள் கூலி நட்டம். அறுபது ஆண்டுகள் கழித்து, மருமகள் கேட்டபோதுதான் அவருக்கு அந்தக் கணக்கு ஏறியது.

அப்புறம் அவர் அதிகம் பேசவில்லை. இரவு அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினார்.

அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவர். இப்போது மாசாயில் மகன் வீட்டில் இருக்கிறார். அவர்கள் பிறந்த தோட்டம் 1980களில் செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. லயம் இருந்த இடம் எது என்று அக்காவாலேயே காட்ட முடியாது.

“அக்கா, இன்னிக்குக் கித்தாக் கொட்டை வெடிச்சதைக் கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

“கொட்டையா? எனக்குக் கொசுதான் தம்பி ஞாபகம் இருக்கு.”

அக்கா நான்காம் ஆண்டோடு பள்ளியை விட்டவர். இருட்டில் அம்மாவோடு பெரட்டுக்குப் போவார். வெயில் ஏறுமுன் பட்டையில் பால் வேகமாக ஓடும். அதனால்தான் அந்த அவசரம். ஒரு நாளைக்குச் சுமார் 500 மரம். அம்மா உளியால் சீவிக்கொண்டே போக, முன்னால் ஓடி மங்கு துடைப்பதும், முதல் நாளின் உறைந்த பாலைப் பிடுங்கிக் கூடையில் போடுவதும் அக்காவின் வேலை. அந்தக் கூடையின் நாற்றம் சவர்க்காரத்துக்குப் போகாது. தம்பிக்குக் கிடைத்த கெட்டிக் கொட்டைகளெல்லாம் அந்த ஓட்டத்தில் குனிந்தபோது அக்கா பொறுக்கிப் பாவாடையில் முடிந்து வந்தவை. விளையாட்டில் அவர் தோற்றதே இல்லை. அந்தக் கொட்டைகள் எங்கிருந்து வந்தன என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

“நீயும் ஒரு நாள் வாயேன்க்கா, சேர்ந்து நடக்கலாம்.”

“கித்தாக்காடு பார்க்க நான் பாலம் தாண்டி வரணுமாக்கும்!” என்று சிரித்தார் அக்கா. சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: “மரத்துல வெட்டுத் தழும்பு இருக்கா?”

அவர் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் அந்த மரங்களுக்கு நடுவே நடந்தும் பட்டையைப் பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு பேத்தியோடு மறுபடியும் போனார். கொட்டை வெடித்த இடத்தில் நின்று பார்த்தார். மரத்தின் அடிப்பகுதியில், பாசிக்கு அடியில், பட்டை முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருந்தது. அதற்குமேல், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும் ஒரு பழைய கோட்டின் தடம். உளி அந்தச் சாய்வில்தான் போக வேண்டும். அப்போதுதான் அதிகப் பால் குழாய்கள் அறுபடும். பேத்தி கைப்பேசியில் படம் பிடித்தாள். அங்கிருந்தே அக்காவுக்கு அனுப்பினார்கள்.

வீடு திரும்பும் பேருந்தில் பதில் வந்தது. குரல் பதிவு. பேத்தி ஒலியைக் கூட்டி வைத்தாள்.

“படம் பார்த்தேன் தம்பி. உளி உள்ள இறங்கியிருக்கு, மரத்துக்குக் காயம் பட்டிருக்கு. அதான் அப்படிப் புடைச்சிருக்கு. யாரோ புதுக் கை. நம்ம அம்மா வெட்டுன மரம் ஒண்ணுகூட இப்படி இருந்ததில்ல.”