தற்காலிகம் என்றால் எத்தனை வருசம்?

(மயிலாப்பூரில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் சட்டம் படித்தவனில்லை. கவிதை எழுதுறவன், தி.நகரில் ஒரு வங்கியில் கிளார்க். இன்று பேச வந்தது ஒரு விண்ணப்பத் தாளைப் பற்றி.

கவுன்டருக்கு ஒரு அம்மா வந்தாங்க. ரங்கநாதன் தெருவில் துணிக்கடை வேலை. கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து விடிகாலையில் ரயிலேறி வர்றவங்க. மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைச்சிருக்கு, கல்விக் கடன் வேணும். தாளில் ஒரு கட்டம்: இந்தியக் குடிமகனா? அதில் விரலை வைத்து, 'இதுக்கு என்ன எழுதுவீங்கக்கா?' என்று கேட்டவன் நான்தான். 'தம்பி, எங்க தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்துச் சேரி. நீங்களே எழுதுங்க' என்றாங்க. கடன் கிடைக்கலை. தாளைத் திருப்பிக் கொடுத்த கை இந்தக் கை.

அந்தத் தாத்தாவை ஊரைவிட்டு அனுப்பியது யார்? பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த, கங்காணியின் கடனில் மாட்டிக் கண்டிச் சீமைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், அருந்ததியர். காட்டை அழித்துத் தேயிலை வைத்தாங்க. 1948இல் இலங்கை ஒரு சட்டம் போட்டு ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு போட்டாங்க. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கலாம். 1974இல் மிச்சத்தையும் பாதிப் பாதி பிரிச்சாச்சு. மாட்டைப் பங்கு போடும்போது மாட்டையா கேட்பாங்க? இன்று சென்னையில் வெளிநாட்டினரைப் பதிவு செய்யும் மத்திய அலுவலகம் இருக்கிற வளாகத்தின் பெயரும் சாஸ்திரி பவன்தான்.

அந்த அம்மாவின் குடும்பம் 1977 கலவரத்தில் மலையிலிருந்து வவுனியாவுக்கு ஓடியது. 1990இல் யுத்தம் அங்கேயும் துரத்த, படகேறி மண்டபம் வந்தது. தாத்தா விட்டுப்போன மண்ணுக்குப் பேத்தி அகதியாக வந்து சேர்ந்தாள்.

வந்தவர்களுக்கு அரிசி, உதவித்தொகை, பள்ளிக்கூடம் எல்லாம் தமிழக அரசு கொடுத்தது. குறைத்துச் சொல்ல மாட்டேன். 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். ஆனால் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. அதனால் எல்லாமே ஆணை, எல்லாமே சலுகை. 2025 செப்டம்பரில் இன்னொரு சலுகை: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்மீது கடவுச்சீட்டு, விசா இல்லையென்று நடவடிக்கை கிடையாது. சரி, தண்டனை இல்லை. குடியுரிமை? அதுவும் இல்லை. 2003 திருத்தப்படி, முறையான தாளில்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. குண்டுக்குத் தப்பிப் படகேறினவர் கையில் என்ன தாள் இருக்கும்? 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானுக்குக் கதவைத் திறந்தது, அதையும் முஸ்லிம்களை விலக்கிவிட்டு. இலங்கையின் பெயரே அதில் இல்லை.

நீதிமன்றம் ஒரே குரலில் பேசவில்லை. 2019 ஜூனில் மதுரைக் கிளை, மலையக வம்சாவளியினரின் மனுக்களைப் பரிசீலிக்கச் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் ஈழத் தமிழர் வழக்கில், இந்தியா தர்மசத்திரமில்லை என்ற வார்த்தை விழுந்தது. தோழர்களே, சத்திரத்தில் இடம் கேட்பவர் வழிப்போக்கர். இவர்கள் இந்த ஊர் துரத்தியவர்களின் பேரப்பிள்ளைகள்.

இன்னொன்று. சாதி கடல் தாண்டிப் போச்சு, திரும்பியும் வந்துச்சு. சாதிச் சான்றிதழ்தான் வரலை. குடிமகன் இல்லாதவருக்கு இடஒதுக்கீடு இல்லை. கல்யாணத்தில் சாதி கேட்பார்கள், கல்லூரியில் அது கணக்கில் வராது. ஈழம் என்று முழங்கும் மேடைகள் இதைப் பேசுவதில்லை. நாமும் பேசலையே, ஏன்? முகாமும் ஒரு சேரிதான் என்று நமக்கே தோணலை.

அம்பேத்கர் தலைமையில் வரைவான அரசமைப்பின் 8ஆவது பிரிவைப் படியுங்கள். வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர், இங்கே பிறந்த பாட்டன் பாட்டியைக் காட்டி, இந்தியப் பிரதிநிதியிடம் பதிவு செய்து குடிமகனாகலாம் என்கிறது. கதவு அன்றைக்கே இருந்தது. தோட்டத்து லயத்திலிருந்து அங்கே போய்த் தட்ட எத்தனை பேருக்கு வழியிருந்தது?

நாம் கேட்க வேண்டியது கருணை அல்ல. அகதிகளுக்கு ஒரு சட்டம். மலையக வம்சாவளியினருக்குக் குடியுரிமை. திரும்பிப் போக விரும்புவோர், யாரும் நெட்டித் தள்ளாமல் போகும் வழி.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கு. முகாம்களுக்குப் போங்க. பாட்டன் ஊர்ப் பெயர், தோட்டத்துப் பிறப்புப் பதிவு, பழைய கடிதம், எது கிடைத்தாலும் பிரதி எடுத்து வைங்க. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் சட்டப்படி பிறப்பாலேயே குடிமகன். முகாமில் பிறந்த ஒரு பெண் அதைச் சொல்லி வழக்காடி 2022இல் கடவுச்சீட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024இல் ஓட்டும் போட்டார்.

அந்த அம்மா திரும்ப வருவாங்க. அன்றைக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுறது என்று என்னிடம் கேட்காதீங்க. சேர்ந்து எழுத வைப்போம்.