மரவள்ளி மேய்ந்த ஆடு

சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்றும் வழங்குவர். இரண்டாம் உலகப் போரின்போது அயல்நாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றது. அதன்பின் சேலத்தில் எழுந்த ஆலைகளால் இக்கிழங்கு ஆத்தூர், இராசிபுரம் பக்கமெல்லாம் பணப்பயிராயிற்று. அவ்வூர்களில் வாசலில் ஆடு, வேலிக்கு அப்பால் மரவள்ளி. கயிறு அறுந்து ஆடு இளங்கொழுந்தை மேய்ந்துவிட்டால் செய்யத்தக்கது யாது? இதனையே இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

மரவள்ளி இலையில் லினமாரின் என்னும் பொருள் உண்டு. ஆட்டின் பல் பட்டு இலை நசுங்கியதும், இலையிலேயே உள்ள நொதி அதனைப் பிளக்க, ஹைட்ரோசயனிக் அமிலம் வெளிப்படுகிறது. குருதியில் பிராணவாயு நிறைந்திருந்தும் உயிரணுக்கள் அதனைப் பயன்படுத்த இயலாமற் போகின்றன. களஞ்சியம் நிரம்பியிருக்கப் பட்டினி கிடப்பதை ஒக்கும் இது! ஈறுகள் முதலில் செக்கச்செவேலெனத் தோன்றுவதும் இதனாலேயே. பின்னர் மூச்சிரைப்பு, தள்ளாட்டம், வீழ்ச்சி. சில வேளை நிமிடங்களிலேயே உயிர் பிரியும்.

ஆகவே, வாயில் எஞ்சிய இலையை உடனே அகற்றுங்கள். ஆட்டைப் பக்கவாட்டில் சாய விடாது, மார்பு தரையிற் படியுமாறு நிமிர்த்தி அமர்த்துங்கள். மூங்கில் குழாயால் எண்ணெய் புகட்டுவாரை நான் கண்டிருக்கிறேன். விழுந்த ஆட்டிற்கு அது நுரையீரலுக்கே செல்லும். மாற்று மருந்து கால்நடை மருத்துவர் நரம்பில் செலுத்தும் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டுமே. பின்னது, புகைப்படக்காரர் ‘ஹைப்போ’ என்று வழங்கிய அதே உப்பு! 1962 என்னும் எண்ணிற்குத் தொலைபேசினால் நடமாடும் மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கிணற்றில் விழுந்து நினைவும் மூச்சும் அற்ற வீட்டு நாய்க்கோ வேறு முறை. அதனைப் பக்கவாட்டில் கிடத்தி, மார்பின் அகலத்தில் மூன்றிலொரு பங்கேனும் அமிழுமாறு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 30 அழுத்தங்களுக்கு ஒருமுறை, வாயை மூடிப் பிடித்து, மூக்கின் வழியே 2 முறை ஊதவேண்டும். ‘ரிக்கவர்’ என்னும் பன்னாட்டு மருத்துவர் குழு 2012இல் வகுத்து 2024இல் திருத்திய முறை இது. இருவர் இருப்பின் இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை கை மாற்றிக்கொள்ளலாம். அழுத்துபவர் விரைவில் களைத்துவிடுவார்.