காட்டில் வழி தெரிந்தவர்கள்



டிஸ்கவரி தொலைக்காட்சியில் 2006-இல் தொடங்கிய ‘மேன் வெர்சஸ் வைல்ட்’ நிகழ்ச்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பிரிட்டன்காரர் பேர் கிரில்ஸ் பாலையிலும் பனியிலும் போய் இறங்குவார். புழு பூச்சியைத் தின்றாவது ஊர் வந்து சேருவார். 2011-இல் அதே பெயரில் வீடியோ கேமும் வந்தது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், வீ கருவிகளில் ஆடுகிற பிள்ளைதான் கிரில்ஸ்.

பிள்ளைகள் ஆடட்டும். ஒற்றை ஆள் தன் துணிச்சலால் மட்டுமே காட்டைக் கடந்துவிடலாம் என்ற எண்ணம்தான் என்னை உறுத்துகிறது. 2007-இல் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு, கிரில்ஸுக்குக் குழுவின் உதவி உண்டு என்று நிகழ்ச்சியிலேயே அறிவிப்புப் போட்டார்கள். கேமிலோ ஆடுகிறவர் தனி ஆள்.

காஞ்சிபுரத்தில் பாலாற்றை ஒட்டியிருக்கும் செவிலிமேட்டில் இதற்கு நேர்மாறான கதை ஒன்று வாழ்கிறது. மாணவர் இராமானுசரைக் காசி யாத்திரை என்று அழைத்துப்போய், வழியில் தீர்த்துக்கட்ட அவருடைய ஆசிரியர் யாதவப்பிரகாசர் திட்டமிட்டாராம். தம்பி முறையான கோவிந்தன் ரகசியமாக எச்சரிக்க, இராமானுசர் விந்தியக் காட்டுக்குள் ஓடினார். திசை தெரியவில்லை, பொழுதும் சாய்ந்தது. அப்போது ஒரு வேடனும் வேடுவச்சியும் எதிர்ப்பட்டு, உடன் நடந்தார்கள். இரவில் வேடுவச்சிக்குத் தாகம். விடிந்ததும் இராமானுசர் பக்கத்துக் கிணற்றில் இறங்கிக் கை நிறைய நீர் கொண்டுவந்து கொடுத்தார். மறுபடி இறங்கி ஏறியபோது இருவரையும் காணோம். நின்ற இடம் காஞ்சி! வந்தவர்கள் பேரருளாளனாகிய காஞ்சி வரதராஜரும் பெருந்தேவித் தாயாரும் என்கிறது வைணவ மரபு. அந்தக் கிணறுதான் செவிலிமேட்டுச் சாலைக்கிணறு. வரதராஜர் கோயிலுக்கு அங்கிருந்து நாள்தோறும் தீர்த்தம் சுமந்தார் இராமானுசர்.

வழிகாட்ட வந்த கடவுள் வேடர் உருவத்தில் வந்தார் பாருங்கள்! காட்டை அறிந்தவர் யார் என்பது இந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அத்தகையவர்கள் இன்றும் நம் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. இருளர் பழங்குடியினர் வளை வாயில் கிடக்கும் தடத்தையும் எச்சத்தையும் சட்டையையும் பார்த்தே உள்ளே என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் எடுத்துத்தரும் நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. 2017-இல் இவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்தார்கள், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க. முதல் இரண்டு வாரங்களிலேயே பத்துக்கும் மேல் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கிரில்ஸ் தன் நிகழ்ச்சிக்காக அலைந்து காட்டியதும் அதே ஃபுளோரிடாவின் சதுப்புநிலத்தில்தான். கிரில்ஸைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இவர்கள் பெயர் தெரியுமா?

இத்தகையவர்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த அலாஸ்காவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2014-இல் வந்த ‘நெவர் அலோன்’ என்ற கேமை அங்குள்ள பழங்குடிப் பெரியவர்களோடு உட்கார்ந்து உருவாக்கினார்கள். ஆட ஆட, அவர்கள் வாழ்க்கையைப் பற்றி அவர்களே பேசும் படத்துணுக்குகள் திறக்கின்றன. சிறுமியும் அவளுடைய நரியும் சேர்ந்து போனால்தான் பனியைக் கடக்க முடியும்.

கேம் வடிவமைப்புப் படிக்கும் நம் ஊர் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வடநெம்மேலிக்குப் போங்கள். இருளர் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் பெயரைப் போட்டு, வருமானத்தில் அவர்களுக்குப் பங்கும் கொடுத்து, ஒரு விளையாட்டு செய்யுங்கள்.