கட்டடம் தந்தார்கள்; ஆசிரியரை யார் தருவது?



1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. ஆனால் அவற்றில் பலவற்றுக்குக் கட்டடங்கள் கிடைத்தது சுவீடனின் உதவியால். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்கு ஜேர்மனி உதவியது. 9 தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்த இந்தியா முன்வந்தது. எல்லோருக்கும் நன்றி சொல்கிறோம்.

வெளிநாட்டு உதவி காலம் குறித்து வருவது, முடிந்ததும் போய்விடும். கணித, விஞ்ஞான ஆசிரியருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டியது அரசாங்கமே. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்பது யுனெஸ்கோவின் அளவுகோல். இலங்கை ஒதுக்குவதோ 2 சதவீதமளவில்தான்.

கடையில் வாங்கும் சவர்க்காரத்துக்கும் நாம் வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. உயர்தர விஞ்ஞான வகுப்பும் நிரந்தர ஆசிரியரும் வேண்டுமென்று வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே ஒன்றாகக் கேட்போம்!